சொரியாசிஸ் மூட்டுக்குப் போகுமா என்று ரத்தத்தில் தெரியுமா?

அல்சூரிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு. உங்கள் கணவருக்கு 42 வயது, 11 வருடமாகத் தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். இரண்டு மாதமாக வலது காலில் ஒரு விரல் அடியிலிருந்து நுனி வரை வீங்கிச் சிவந்திருக்கிறது, காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியவில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், யூரிக் ஆசிட் நார்மல், இ.எஸ்.ஆர். நார்மல் என்பதால் மூட்டுவாதம் இல்லை, செருப்பை மாற்றிப் பாருங்கள் என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். இன்னொரு மருத்துவமனையின் தோல் பிரிவில், ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தமும் கொஞ்சம் தோலும், மூட்டில் நீர் கோத்தால் அந்த நீரும் தர முடியுமா என்று கேட்கிறார்கள். அவர்கள் அப்படி என்னதான் தேடுகிறார்கள், அந்த டெஸ்டை நாமே காசு கொடுத்து எடுத்துக்கொள்ள முடியாதா, கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி. ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கும்போது வலிக்கிறது என்று அவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நம்புங்கள். அந்த வலிக்குக் காரணம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நான் பெங்களூரில் மூட்டுவாத மருத்துவராகப் பல வருடமாக வேலை செய்கிறேன். தோல் மருத்துவர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்ப்பதும், அவர்களிடம் மாதிரிகள் வாங்கி ஆராய்ச்சிக்கு அனுப்புவதும் என் வேலையின் பெரும்பகுதி. இருந்தாலும் உங்கள் கணவரின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இந்த நோய்தான் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன். கீழே எழுதுவதில் எது உறுதி, எது இன்னும் தேடலில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்குக்கூட, ஏதோ ஒரு கட்டத்தில் மூட்டும் பாதிக்கப்படுகிறது. இதைத்தான் சொரியாடிக் ஆர்த்ரைடிஸ் என்கிறோம். பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும், மூட்டு சில வருடம், சிலருக்குப் பத்து வருடம் கழித்துப் பின்னால் வரும். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற வேறொரு நோய்க்கான டெஸ்ட். சொரியாடிக் ஆர்த்ரைடிஸில் அது நெகட்டிவாக இருப்பதுதான் வழக்கம். 2006இல் வெளியான காஸ்பர் என்ற அளவுகோலைப் பாருங்கள். மூட்டிலோ முதுகெலும்பிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால், அதன் பிறகு மூன்று மதிப்பெண் கிடைத்தால் போதும். இப்போது சொரியாசிஸ் இருந்தால் அதற்கு இரண்டு. விரல் முழுக்க வீங்கினால் ஒன்று. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தால் அதற்கும் ஒன்று. ஆக, இல்லை என்பதற்குச் சான்றாக உங்களிடம் காட்டப்பட்ட ரிப்போர்ட், இந்த நோயின் பக்கம்தான் சேர்கிறது. காஸ்பர் ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்த உருவாக்கியது, அதை வைத்து வீட்டிலிருந்தபடி நோயை முடிவு செய்யக்கூடாது. ஆனால் ஆர்.ஏ. நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது சரியில்லை.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. டெஸ்டுகளின் விஷயமும் இப்படித்தான். மூட்டு நன்றாக வீங்கியிருக்கும் நோயாளிகளிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்கு இவை நார்மலாக இருக்கும். அதே சமயம் மூட்டில் ஒன்றுமே இல்லாமல், உடல் எடை கூடியதாலோ தோல் நோய் தீவிரமாக இருப்பதாலோ சி.ஆர்.பி. ஏறியிருப்பவர்களும் உண்டு. உள்ள இடத்தில் காட்டாமலும் இல்லாத இடத்தில் காட்டியும் குழப்பும் இந்த எண்களை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நல்ல பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அளக்கக்கூடிய அடையாளம், ஒன்று வேண்டும் என்று தவிப்பது அதனால்தான்.

இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல அடையாளங்கள் கண்ணுக்கும் கைக்கும் அகப்படுபவை. அவற்றில் சிலவற்றை நீங்களே இன்று இரவு பார்க்கலாம். போன் டார்ச்சை நகத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது, சாய்த்தால்தான் நிழல் விழும். குண்டூசி முனை அளவில் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கின்றனவா, நகத்துக்கு அடியில் எண்ணெய் ஊறினதுபோல மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திட்டு இருக்கிறதா, நுனி தசையை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பத்து விரலையும் பாருங்கள். காதுக்குப் பின்னால், தொப்புளுக்குள், பிட்டத்தின் பிளவில் செதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கடைசி இடத்தை ஆண்கள் டாக்டரிடமும் காட்ட மாட்டார்கள், மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2009இல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வில், தலையில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு, நகத்தில் உள்ளவர்களுக்கு மூன்று மடங்கு, பிட்டப் பிளவில் உள்ளவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். எந்த லேபுக்கும் போகாமல் கிடைக்கும் தகவல் இது.

நகத்துக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். விரலை நீட்டும் தசைநாண் கடைசி மூட்டைத் தாண்டிப்போய் எலும்பில் ஒட்டுகிறது. அந்த ஒட்டின் நார்கள் அங்கேயே முடிந்துவிடாமல் நகத்தின் வேர் வரை பின்னிக்கொண்டு போகின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டென்னிஸ் மெக்கோனகல் குழுவினர் இதைக் காட்டினார்கள். இந்த நோய் மூட்டின் உள்சவ்வில் அல்ல, தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில்தான் தொடங்குகிறது என்ற கருத்தை மெக்கோனகல் 1998 முதலே சொல்லிவருகிறார். உங்கள் கணவரின் குதிகால் வலியும் அப்படி ஓர் இடம்தான். நாங்கள் பரிசோதிக்கும்போது கணுக்காலுக்குப் பின்னால் தசைநாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவோம். எங்கள் நகம் வெளுக்கும் வரை அழுத்தினால் போதும், அதுதான் அளவு. அந்த அழுத்தத்துக்கே ஒருவர் காலை இழுத்துக்கொண்டால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நான் அவரை அப்படியே அனுப்ப மாட்டேன்.

சரி, அப்புறம் பயோமார்க்கர் எதற்கு? கனடாவின் டொரான்டோவில் சொரியாசிஸ் நோயாளிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒவ்வொரு வருடமும் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குப் புதிதாக மூட்டு நோய் தொடங்கியது. ஒரு தோல் மருத்துவர் காலையில் நாற்பது ஐம்பது பேரைப் பார்க்கிறார் என்றால், அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? எல்லோரையும் மூட்டு மருத்துவரிடம் அனுப்பவும் முடியாது, நாட்டில் நாங்கள் அத்தனை பேர் இல்லை. தாமதமானால் விலையும் அதிகம். அயர்லாந்தில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், முதல் முறை மூட்டு மருத்துவரைப் பார்ப்பது ஆறு மாதம் தள்ளிப்போனவர்களுக்கே எலும்பு அரிப்பும் அன்றாட வேலைகளில் சிரமமும் கூடுதலாக இருந்தன. எலும்பு அரித்த பிறகு எந்த ஊசி போட்டாலும் அரித்தது அரித்ததுதான்.

அந்த ஆராய்ச்சியாளர்கள் தேடுவது மூன்று இடங்களில். முதலாவது மரபணு, அதிலும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம். தோல் நோயோடு மிக நெருக்கமான மரபணு வகை எச்.எல்.ஏ.-சி 06:02. இளவயதில் தொடங்கும் சொரியாசிஸில் இது அதிகம், ஆனால் மூட்டு நோயோடு இதற்கு உள்ள தொடர்பு பலவீனம்தான். மூட்டின் பக்கம் வந்தால் எச்.எல்.ஏ.-பி குடும்பம் முன்னே நிற்கிறது: பி27, பி08, பி38, பி39. 2014இல் வந்த ஓர் ஆய்வு, எச்.எல்.ஏ.-பி புரதத்தின் 45ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பது மூட்டு நோய் உள்ளவரையும் வெறும் தோல் நோய் உள்ளவரையும் பிரிக்க உதவுகிறது என்று காட்டியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மரபணு உள்ள பலருக்கு ஒன்றும் வராது, இல்லாத பலருக்கு நோய் வரும். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் இந்தத் தகவல் தனி ஒருவருக்குத் தீர்ப்பு சொல்லாது. பி27 டெஸ்ட் நெகட்டிவ், அதனால் மூட்டு நோய் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது இடம் ரத்தம். இங்கேதான் பெரிய நம்பிக்கையும் இருக்கிறது, பெரிய தொல்லையும் இருக்கிறது. பெல்லந்தூர் ஏரியில் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, இது எந்தத் தெருச் சாக்கடையிலிருந்து வந்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? ரத்தமும் அப்படித்தான். தோல், மூட்டு, குடல், கொழுப்பு எல்லாம் தங்கள் தங்கள் அழற்சிப் பொருள்களை அதில்தான் கலக்கின்றன. குருத்தெலும்பு தேயும்போது வெளிவரும் புரதங்கள், எம்.எம்.பி.-3 என்ற நொதி என்று பலவற்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவில் பளிச்சென்று தெரிந்தது இன்னொரு நாட்டுக் குழுவில் மங்கிப்போவதுதான் இதுவரை அனுபவம். என்னை மிகவும் ஈர்த்தது 2016இல் டொரான்டோ குழு சொன்ன சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற பொருள். செல்களை ஓர் இடத்துக்கு வரவழைக்கும் ரசாயன அழைப்பு அது. பின்னாளில் மூட்டு நோய் வந்தவர்களுக்கு, அது வருவதற்கு முன் எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் இந்தப் பொருள் கூடுதலாக இருந்தது. நோய் வந்த பிறகு குறைந்துவிட்டது. முன்னே ஏறிப் பின்னே இறங்கும் பொருளை, நோய் வந்த பிறகு மட்டும் அளந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் இன்று மூட்டு நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள்.

மூன்றாவது இடம் தோலும் மூட்டு நீரும். 2014இல் லண்டனில் ஒரு குழு, மூட்டு நீரில் சி.டி.8 வகை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்திருப்பதைக் காட்டியது; அவை அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-17 என்ற பொருளைச் சுரப்பவை. ருமட்டாய்டு நோயாளிகளின் மூட்டில் அப்படி இல்லை. 2020இல் இன்னொரு குழு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் படித்துப் பார்த்தது. மூட்டில் ஒரே மூலத்திலிருந்து பெருகிய சி.டி.8 செல்கள் இருந்தன, அவற்றின் மேல் சி.எக்ஸ்.சி.எல்.10இன் அழைப்பைக் கேட்கும் ஏற்பியும் அதிகமாக இருந்தது. இதையும் 2016இல் ரத்தத்தில் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கதை கிடைக்கிறது: தோலில் பழகிய செல்கள் அழைப்பைக் கேட்டு மூட்டுக்குள் போகின்றன, அதனால்தான் ரத்தத்தில் சி.எக்ஸ்.சி.எல்.10 குறைகிறதோ என்னவோ. இது அழகான ஊகம், அவ்வளவுதான். தோலில் உள்ள செல்லும் மூட்டில் உள்ள செல்லும் ஒரே வம்சமா என்று பார்க்க, ஒரே ஆளிடமிருந்து ஒரே காலத்தில் இரண்டும் வேண்டும். உங்கள் கணவரிடம் தோலும் மூட்டு நீரும் சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான் இருக்கும்.

தோலும் மூட்டும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை, அதுதான் இந்தத் துறையின் உண்மையான முடிச்சு. இன்டர்லூக்கின்-23, அது தூண்டிவிடும் இன்டர்லூக்கின்-17 இரண்டும் இரு இடத்திலும் இருக்கின்றன. 2012இல் எலிகளில் இன்டர்லூக்கின்-23ஐ மட்டும் கூட்டியதும் தசைநாண் ஒட்டும் இடங்களில் அழற்சி வந்தது. ஆனால் இவற்றைத் தடுக்கும் ஊசிகளை மனிதர்களுக்குப் போடும்போது, பெரும்பாலானவர்களுக்குத் தோல் கிட்டத்தட்ட முழுக்கத் தெளிந்துவிடுகிறது, மூட்டிலோ பாதி அளவு முன்னேற்றம் காண்பவர்களே சுமார் பாதிப்பேர்தான், பல ஆய்வுகளில் அதற்கும் குறைவு. கை வழவழவென்று சுத்தமாகி, அதே கையின் விரல் மடங்காமல் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தோல் முழுக்கத் தெளிந்துவிட்டதே, இன்னும் என்ன வலி என்று வீட்டில் கேட்கிறார்களாம். மூட்டை ஓட்டுவது தோலை ஓட்டும் அதே விசை மட்டும் அல்ல என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. என்னைக் கேட்டால், பொதுவானதைத் தேடுவதைவிட இந்த வேறுபாட்டைத் தேடுவதில்தான் நல்ல மார்க்கர் அகப்படும்.

தோலைச் சீக்கிரமே பலமான மருந்தால் அடக்கினால் மூட்டு நோயைத் தடுக்கலாமா என்பதும் முடிவாகவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன, ஆம் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஸ்கேனில் குதிகால் தசைநாண் தடித்திருப்பது தெரிந்தாலும், அதிகம் நடப்பவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும்கூட அப்படித் தெரியும் என்பதால் ஸ்கேனை மட்டும் நம்பவும் முடியாது. இந்த நிலையில் காசு கொடுத்தால் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில்: கிடைக்காது. சொரியாசிஸ் உள்ள ஒருவருக்கு மூட்டு நோய் வருமா என்று சொல்லும், நம்பி முடிவெடுக்கக்கூடிய ரத்த டெஸ்ட் இன்று உலகத்தில் எங்கும் இல்லை. டப்ளினை மையமாக வைத்து 2021இல் தொடங்கிய ஹிப்போகிரட்டீஸ் என்ற ஐரோப்பியக் கூட்டு முயற்சி இதைத்தான் தேடுகிறது. மூட்டுவாத பேக்கேஜ் என்று ஆயிரக்கணக்கில் யாராவது விற்றால் அந்தப் பணத்தை ஒரு மூட்டு மருத்துவரின் கன்சல்டேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. மேலே சொன்ன தகவல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடமிருந்து வந்தவை. எச்.எல்.ஏ. வகைகளின் பரவல் நம் மக்களிடம் வேறு மாதிரி. அங்கே கண்ட மார்க்கர் இங்கே செல்லுபடியாகுமா என்பது நம்மவர்களின் மாதிரியில்தான் தெரியும். ஆனால் இதனால் உங்கள் கணவருக்கு நேரடிப் பலன் எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோல் எடுப்பது பெரும்பாலும் நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு துண்டு. மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், ஒரு சின்னத் தழும்பு. ரத்தத்தை அன்றைக்கே பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள்.

கையெழுத்து போடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்டணமும் உங்களிடம் வாங்கக்கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வைத்தியம் பாதிக்கக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்.இன் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், அவருக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்றால், தமிழ்ப் படிவம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு ஆராய்ச்சிக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். தெருமுனை கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டிருந்தாலோ, மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டிருந்தாலோ ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் மாதிரியின் அளவுகள் மாறிவிடும். அதைவிட முக்கியம், சொரியாசிஸ் உள்ளவருக்கு உள்ளே போன ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் கிளம்பி ஆபத்தாகலாம்.

ஆராய்ச்சி அதன் வழியில் நடக்கட்டும். மூட்டு மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். விரல் வீக்கம் வரும் போகும், அதனால் இப்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காலையில் எழுந்தபின் இறுக்கம் தளர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை ஒரு வாரம் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். அரைமணிக்கு மேல் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஆராய்ச்சியில் சேர்ந்தால் வருடா வருடம் கூப்பிடுவார்கள். ஓசூருக்கோ சேலத்துக்கோ வீடு மாறினாலும், போன் நம்பர் மாறினாலும் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். பின்னாளில் மூட்டு என்ன ஆயிற்று என்று தெரியாதவரின் ரத்தம் ஃப்ரீசரில் இருந்தும் பெரிதாக உதவாது.